ரெக்கார்டா, சிடியா, ஸ்ட்ரீமிங்கா? டர்பன் பக்கத்துத் தமிழ் ரசிகர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

எந்த ரெக்கார்டு பிளேயர் வாங்கலாம் என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, என்ன பாட்டு கேட்பீர்கள் என்பதுதான். பாதிப் பேருக்கு இந்தக் கேள்வி பிடிப்பதில்லை. பிராண்டு, விலை, வாட்ஸ் என்று பேச வந்தவர்களுக்கு இது சுற்றி வளைப்பதுபோலத் தெரிகிறது. ஆனால் நம் பாட்டுக்கு இதைத் தாண்டிப் போகவே முடியாது. வீடியோக்களில் வெள்ளைக்காரர்கள் ரெக்கார்டா சிடியா என்று அடித்துக்கொள்கிறார்களே, அவர்கள் பேசுவது மூன்று வடிவத்திலும் நல்ல பிரதி கிடைக்கிற ராக், ஜாஸ் ஆல்பங்களைப் பற்றி. தமிழ்ப் பாட்டு அப்படிப் பிழைத்து வரவில்லை. ஒரு காலத்துப் பாட்டு பழைய ரெக்கார்டான அரக்குத் தட்டில் மட்டும் நன்றாக இருக்கிறது, இன்னொரு காலத்துப் பாட்டு சிடியில், வேறொன்று வெறும் கேசட்டில், அதற்கடுத்தது இணையத்தில் மட்டும். அதனால் முதலில் பாட்டு, அப்புறம்தான் கருவி. கீழே சொல்கிற எல்லாமே இந்த வரிசையில்தான் போகும்.

தென்னாப்பிரிக்காவில், அதிலும் கடற்கரைப் பக்கம் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியாக்காரர்களுக்கு மாறுகிற இடங்களில் தனியாகச் சொல்கிறேன்.

படி 1: உங்கள் பட்டியலை எழுதுங்கள், ஆண்டு போட்டு

ஒரு தாளில், உண்மையிலேயே திரும்பத் திரும்பக் கேட்கிற பாட்டுகளை எழுதுங்கள். மதிப்புக்காக எழுத வேண்டாம், யாரும் பார்க்கப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை சமைக்கும்போது ஓடுவது, புரட்டாசியில் ஓடுவது, தைப்பூசத்துக்கு முன்னால் வீட்டில் ஓடுகிற காவடிப் பாட்டு, காரில் பிள்ளைகள் கேட்பது, எல்லாம் வரட்டும். முப்பது நாற்பது போதும். பக்கத்தில் தோராயமான ஆண்டைப் போடுங்கள்.

இப்போது அதை நான்கைந்து கட்டாகப் பிரிக்கலாம். 1960-க்கு முந்தியது பெரும்பாலும் நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் அரக்குத் தட்டுக் காலம். 1960 முதல் 80களின் தொடக்கம் வரை எல்.பி (பெரிய தட்டு), இ.பி (சின்னத் தட்டு) காலம், இரண்டும் வினைல் என்கிற பிளாஸ்டிக்கில் ஆனவை. அதற்குப் பிறகு கேசட். 90களில் சிடி. 2005-க்குப் பிறகு வந்தது எல்லாம் டிஜிட்டலிலேயே பிறந்தது. கடைசியாக ஒரு தனிக் கட்டு: நம் ஊர்ப் பாட்டு. இங்கே டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் பாடியவர்கள், கோயில் பஜனைக் குழுக்கள், தெருக்கூத்து ஒலிப்பதிவுகள். இந்தக் கட்டுக்கு எந்த ஆப்பும் உதவாது என்று இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

எந்தக் கட்டு பெரிதாக இருக்கிறதோ அங்கேதான் பணம் போக வேண்டும். பட்டியலில் முக்கால்வாசி 2005-க்குப் பிறகு என்றால் ரெக்கார்டு பிளேயர் ஆசையைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம். புதுப்படப் பாட்டைக் கம்ப்யூட்டரில் செய்து கம்ப்யூட்டரில் முடித்து அதே ஃபைலை வினைலில் வெட்டித் தருகிறார்கள், அதில் கேட்கப் புதிதாக ஒன்றும் இல்லை. அட்டைப்படம் அழகாக இருக்கும், மாட்டி வைக்கலாம். அந்த ஆசை தப்பில்லை, ஆனால் அது சத்தத்துக்காகச் செய்கிற செலவு இல்லை.

படி 2: ஒரே பாட்டை மூன்று இடத்தில் கேட்டுப் பாருங்கள்

பட்டியலில் பழைய பாட்டாக ஐந்து எடுத்து, ஒவ்வொன்றையும் ஸ்ட்ரீமிங்கில் தேடுங்கள். ஒரே பாட்டு ஏழெட்டு ஆல்பத்தில் வரும். "ஹிட்ஸ்", "கோல்டன்", "ரீமாஸ்டர்டு" என்று பெயர் மட்டும் மாறும். வரிசையாகக் கேளுங்கள், ஹெட்ஃபோன் போட்டு.

என்னென்ன கவனிப்பது? முதலாவது, எதிரொலி. 1970களின் நடுப்பகுதி வரை நம் திரைப்பாட்டில் பெரும்பாலானவை மோனோ. பிறகு வந்தவர்கள் அதை "ஸ்டீரியோ" ஆக்குகிறோம் என்று எதிரொலி சேர்த்து, பாடகர் குரல் குளியலறையில் இருந்து வருவதுபோலச் செய்துவிட்டார்கள். இரண்டாவது, சுருதி. மூல டேப்பை ஓட்டிய வேகம் கொஞ்சம் மாறினாலும் பாட்டு அரைச் சுருதி ஏறியோ இறங்கியோ இருக்கும். வீட்டில் ஹார்மோனியம் இருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். மூன்றாவது, இது அதே பதிவுதானா. தாளத்தை மட்டும் புதிதாகச் சேர்த்து, அல்லது வேறொருவரைப் பாட வைத்து, பழைய படத்தின் பெயரிலேயே போட்டு வைத்திருப்பதும் உண்டு. நான்காவது, அளவுக்கு மீறிய சத்தச் சமன். பழைய பதிவில் பல்லவி மெதுவாகத் தொடங்கி, வயலின் கூட்டம் ஏறும்போது நிஜமாகவே ஏறும். புதிய பதிப்பில் எல்லாமே ஒரே சத்தம், பத்து நிமிடத்தில் காது அலுத்துவிடும்.

இந்தச் சோதனையில் ஸ்ட்ரீமிங்கிலேயே நல்ல பிரதி கிடைத்துவிட்டால், அந்தப் பாட்டுக்கு வேலை முடிந்தது. அதை ஒரு பிளேலிஸ்டில் போட்டு, எந்த ஆல்பத்துப் பிரதி நல்லது என்று குறித்து வையுங்கள், அடுத்த வருடம் நினைவிருக்காது. கிடைக்காதவைதான் சிடிக்கும் ரெக்கார்டுக்கும் போகிற பட்டியல்.

தேடும்போது ஒரு தொல்லை உண்டு. தமிழ்ப் பெயர்களை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதி வைத்திருக்கிறார்கள். ழகரம், ளகரம், நெடில் வரும் இடங்களில் மூன்று நான்கு விதமாக அடித்துப் பாருங்கள். பாட்டின் பெயரில் கிடைக்காவிட்டால் படத்தின் பெயர், இல்லையென்றால் பாடகர் பெயர்.

படி 3: வீட்டைப் பாருங்கள்

இதை யாரும் சொல்வதில்லை, ஆனால் இங்கே முடிவைப் பாதிக்கிற விஷயம் இதுதான். டர்பன் கோடையில் காற்றே ஈரம். அட்டைப் பெட்டியில் அடுக்கி கராஜில் வைத்தால் அட்டையில் பூஞ்சை பிடிக்கும், அப்புறம் தட்டிலும். கடலுக்குப் பக்கத்தில் இருந்தால் உப்புக்காற்று ஆம்ப்பின் (ஸ்பீக்கருக்குச் சத்தத்தைப் பெருக்கித் தரும் பெட்டி) பின்பக்கச் சொருகிகளைக் கறுக்க வைக்கும், ஒரு பக்க ஸ்பீக்கர் மட்டும் விட்டு விட்டு வருவதற்குப் பாதி நேரம் அதுதான் காரணம். ஜோகன்னஸ்பர்க் பக்கம் நேர் எதிர். குளிர்காலத்தில் காற்று காய்ந்துபோய், ரெக்கார்டைக் கையில் எடுத்தாலே சடசடவென்று நிலைமின்சாரம், தூசி எல்லாம் ஒட்டிக்கொள்ளும். அங்கே கார்பன் பிரஷ் ஒன்று கட்டாயம்.

அடுத்தது கரண்ட். 2007-இல் தொடங்கிய லோட்ஷெடிங் என்கிற முறைவைத்த மின்வெட்டு 2023-இல் உச்சத்துக்குப் போய், பிறகு வெகுவாகக் குறைந்தது. குறைந்துவிட்டது என்று நம்பி எதையும் நேரடியாகச் சுவரில் சொருக வேண்டாம். பழைய ஆம்ப் போவது கரண்ட் போகும்போது இல்லை, திரும்பி வரும் நொடியில். திடீரென்று ஏறும் கரண்டைத் தடுக்கிற சர்ஜ் பாதுகாப்புள்ள பலகை ஒன்று போடுங்கள். ஜோகன்னஸ்பர்க் இருக்கிற ஹைவெல்ட் மேட்டுநிலத்தின் பக்கம் கோடையில் இடிமின்னல் வேறு, அங்கே மழை கட்டும்போதே பிளக்கைக் கழற்றிவிடுவது உத்தமம். இன்வர்ட்டரில் ரெக்கார்டு பிளேயர் ஓட்ட நினைப்பவர்கள், அது சுத்தமான சைன் அலை தருகிறதா என்று பாருங்கள். மலிவு இன்வர்ட்டர்கள் தருவது படிக்கட்டு அலை, அதில் ஆம்ப் ரீங்கரிக்கும்.

ஊரிலிருந்து கருவி கொண்டு வருகிறவர்களுக்கு: இந்தியாவிலும் இங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான், அதனால் பயமில்லை. இந்தியாவின் 15 ஆம்பியர் பெரிய மூன்று முள் பிளக் இங்கேயும் சேரும், சின்ன 5 ஆம்பியர் பிளக் சேராது, அடாப்டர் வேண்டும். அமெரிக்காவில் இருக்கிற மச்சான் அனுப்புகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வைத்து வோல்ட்டை மாற்றலாம், ஆனால் கரண்டின் அலைவெண்ணை நம்பிச் சுற்றுகிற பழைய மோட்டார் 50 ஹெர்ட்ஸில் மெதுவாகத்தான் சுற்றும், எல்லாப் பாட்டும் சோக கீதமாகிவிடும்.

மூன்றாவது, டேட்டா. வீட்டில் ஃபைபர் இருந்தால் இதைத் தாண்டிப் போகலாம். மொபைல் டேட்டாவை நம்பி இருப்பவர்கள் கணக்குப் பாருங்கள்: 320 கே.பி.பி.எஸ் தரத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 144 எம்.பி. தினம் இரண்டு மணி நேரம் கேட்டால் மாதம் 8 ஜி.பி.யைத் தாண்டும். சிடி தரத்தில் இழப்பில்லாமல், அதாவது ஒலியில் எதையும் வெட்டாமல், கேட்டால் அதைப்போல இரண்டரை மடங்கு.

படி 4: ஸ்ட்ரீமிங்கை ஒழுங்காக அமைப்பது

ஸ்பாட்டிஃபை 2018-இல் இங்கே வந்தது. ஆப்பிள் மியூசிக், யூடியூப் மியூசிக் எல்லாமே கிடைக்கிறது. எதை எடுப்பது என்றால், படி 2-இல் செய்த பட்டியலில் அதிகப் பாட்டு எதில் நல்ல பிரதியாக இருக்கிறதோ அதை எடுங்கள். தரம் பார்த்துத் தேர்ந்தெடுப்பதை விட இது நூறு மடங்கு முக்கியம். தரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்: ஆப்பிள் 2021 முதல் கூடுதல் கட்டணம் இல்லாமல் இழப்பற்ற ஒலி தருகிறது. ஸ்பாட்டிஃபை 2025 செப்டம்பரில் அதைக் கொடுக்கத் தொடங்கியது, உங்கள் கணக்குக்கு வந்திருக்கிறதா என்று அமைப்புப் பக்கத்தில் பாருங்கள். ஆனால் புளூடூத் ஸ்பீக்கரில்தான் கேட்பேன் என்றால் இதெல்லாம் வீண், புளூடூத் வழியில் போகும்போது மறுபடி சுருக்கித்தான் அனுப்புகிறது.

ஆப்பைப் போட்டவுடன் அமைப்புக்குள் போய் மூன்று விஷயம் மாற்றுங்கள். வைஃபை, டவுன்லோடு இரண்டுக்கும் உச்ச தரம். மொபைல் டேட்டாவுக்கு நடுத்தரம். சத்தச் சமன் "லவுட்" என்று இருந்தால் "நார்மல்" ஆக்குங்கள் அல்லது அணைத்துவிடுங்கள். அப்புறம் பிடித்த பாட்டை எல்லாம் டவுன்லோடு செய்து வையுங்கள், கரண்டும் டவரும் ஒன்றாகப் போகிற இரவுகள் நமக்குத் தெரியாததா. ஸ்பாட்டிஃபையில் ஒரு கருவிக்கு 10,000 பாட்டு வரை இறக்கலாம், 30 நாளுக்கு ஒரு முறை இணையத்தைத் தொட்டால் போதும்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். ஸ்ட்ரீமிங்கில் எதுவும் உங்களுடையது இல்லை. இசையமைப்பாளருக்கும் கேசட் கம்பெனிக்கும் உரிமை வழக்கு நடக்கிறது என்றால், நேற்று இருந்த ஆல்பம் இன்று சாம்பல் நிறத்தில் கிடக்கும். தமிழில் இது அடிக்கடி நடக்கிறது. உயிருக்கு உயிரான பத்து ஆல்பத்தையாவது வேறு வடிவத்தில் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: சிடி, இப்போது யாரும் மதிக்காத பொக்கிஷம்

என் கட்சி இதுதான், மறைக்கவில்லை. 1985 முதல் 2005 வரையிலான தமிழ்ப் பாட்டுக்கும், கர்நாடகக் கச்சேரிப் பதிவுகளுக்கும் பழைய சிடியை மிஞ்ச எதுவும் இல்லை. 1982-இல் வந்த தொழில்நுட்பம், 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், மனிதக் காதுக்குத் தாராளம். சத்தத்துக்கும் நிசப்தத்துக்கும் உள்ள இடைவெளி சிடியில் 96 டெசிபெல், எல்.பி.யில் 70-ஐத் தொட்டாலே பெரிய விஷயம். 90களின் தொடக்கத்தில் வந்த சிடிக்களில் சத்தத்தை ஏற்றுகிற போட்டி இன்னும் தொடங்கவில்லை, அதனால் அந்தப் பதிப்புகள் மூச்சு விட்டுப் பாடுகின்றன. ஒரு மணி நேர ராகம் தானம் பல்லவியை நடுவில் எழுந்து தட்டைத் திருப்பாமல் கேட்கலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாரும் வீட்டைக் காலி செய்யும்போது சிடியைத்தான் முதலில் கொடுத்துவிடுகிறார்கள். மியூசிகா என்ற இசைக் கடைகள் 2021-இல் மூடிய பிறகு இங்கே புது சிடி கண்ணில் படுவதே அரிது, ஆனால் ஹாஸ்பிஸ், எஸ்.பி.சி.ஏ போன்ற தொண்டு அமைப்புகள் நடத்தும் பழைய சாமான் கடைகள், வார இறுதிச் சந்தைகளில் பெட்டி பெட்டியாகக் கிடக்கும். தமிழ் சிடி வேண்டும் என்றால் டர்பனில் நம் ஆட்கள் நிறைய இருக்கிற சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்து ஹாஸ்பிஸ் கடைகளைப் பாருங்கள். ஊருக்குப் போகிறவர்கள் சென்னையில் தேடிப் பிடிக்கலாம். அங்கிருந்து கூரியரில் வரவழைத்தால் 15 சதவீத வாட், சுங்கம் எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு வாங்குங்கள்.

வாங்குமுன் சோதனை. தட்டைத் திருப்பி அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். தூய வெள்ளி நிறமாக இருந்தால் ஆலையில் அச்சானது. பச்சை, நீலம், ஊதா சாயல் தெரிந்தால் யாரோ வீட்டில் எரித்தது, பெரும்பாலும் எம்.பி.3-இல் இருந்து. "ஒரே சிடியில் 150 பாடல்கள்" என்று அட்டையில் இருந்தால் கையில்கூட எடுக்க வேண்டாம். நடுத்துளையைச் சுற்றியுள்ள வளையத்தில் பொடி எழுத்தில் எண்கள் இருக்கும், அவை தெளிவாக அச்சாகியிருந்தால் நல்ல அறிகுறி. கீறலைப் பற்றி எல்லாரும் தலைகீழாகப் பயப்படுகிறார்கள்: அடிப்பக்கத்தில் லேசான கீறல் பெரிதாக ஒன்றும் செய்யாது. பெயர் அச்சிட்ட மேல்பக்கத்தில் ஆழமாகக் கீறினால்தான் ஆபத்து, தகவல் இருக்கிற அலுமினியப் படலம் அதற்கு மிக அருகில் இருக்கிறது. விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள், ஊசித் துளைபோல வெளிச்சம் தெரிந்தால் வேண்டாம். பிரிட்டனில் ஒரு ஆலையில் 1988 முதல் 1993 வரை அச்சான சில தட்டுகள் ஓரத்திலிருந்து பழுப்பேறும். அப்படி ஒன்று கையில் இருந்தால் இன்றைக்கே நகல் எடுத்துவிடுங்கள்.

பழைய சிடி பிளேயர் வாங்குவதானால், நீளமான தட்டைக் கொண்டுபோய்க் கடைசிப் பாட்டைப் போடச் சொல்லுங்கள். சிடி உள்ளிருந்து வெளியே படிக்கும், லேசர் களைத்திருந்தால் வெளி ஓரத்தில்தான் திக்கும். வீட்டு டிவிடி பிளேயரே போதும் என்பவர்களும் உண்டு, தப்பில்லை.

வாங்கியதும் கம்ப்யூட்டரில் நகல் எடுங்கள். யு.எஸ்.பி டிரைவ் ஒன்று, எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற இலவச மென்பொருள், வடிவம் ஃப்ளாக் (ஒலியை இழப்பில்லாமல் சுருக்கி வைக்கும் ஃபைல்). ஒரு சிடி ஏறக்குறைய 300 எம்.பி. வரும், ஒரு டெராபைட் டிஸ்க்கில் மூவாயிரம் சிடி அடங்கும். ஆல்பம், பாடகர் பெயர்களைத் தமிழிலேயே அடியுங்கள். இரண்டாவது டிஸ்க்கில் ஒரு பிரதி, அது வேறு வீட்டில் இருக்கட்டும். 2022 ஏப்ரல் வெள்ளத்தைப் பார்த்த ஊர் இது, இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

படி 6: ரெக்கார்டு, இறங்குவதென்றால் தெரிந்து இறங்குங்கள்

முதலில் ஒரு மாயையை ஓரம் வைப்போம். ரெக்கார்டு என்றாலே டிஜிட்டல் தொடாத தூய ஒலி என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தூய அனலாக் என்று நம்பிப் பெருவிலை கொடுத்து வாங்கிய மொபைல் ஃபிடெலிட்டி என்ற அமெரிக்கக் கம்பெனியின் தட்டுகளிலேயே டிஜிட்டல் படி ஒன்று இருந்தது 2022-இல் வெளியே வந்தது. வாங்கினவர்கள் யாரும் அதுவரை காதால் கண்டுபிடிக்கவில்லை. ரெக்கார்டு வாங்க நல்ல காரணங்கள் இருக்கின்றன, அவை வேறு. 60களின், 70களின் பாட்டு கலப்படம் இல்லாமல் இருக்கிற இடம் அந்தக் காலத்து எல்.பி, இ.பி.தான். படத்தின் கதை வசனத்தை இரண்டு மூன்று தட்டில் போட்டு வந்த பெட்டிகள் உண்டு, கல்யாண வீட்டில் குழாய் ஒலிபெருக்கியில் கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தெரியும். எல்லாவற்றையும் விட, வீட்டிலேயே ஒரு பெட்டி இருக்கிறது என்பது பெரிய காரணம்.

அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1946-இல் இந்தியா இந்த நாட்டோடு வணிகத்தை நிறுத்தியது, இனவெறி ஆட்சி முடியும் தறுவாய் வரை அந்தத் தடை இருந்தது. அந்தக் காலத்தில் நம் வீடுகளுக்குள் வந்து சேர்ந்த ஒவ்வொரு தமிழ்த் தட்டும் சும்மா வரவில்லை. சாட்ஸ்வொர்த்தில் ஒரு ஆன்ட்டி வீட்டு கராஜில் பெட்டியைத் திறந்தபோது, மேலே இருந்த இ.பி.யின் பிளாஸ்டிக் உறை தட்டோடு ஒட்டிப்போய் மங்கலான படலம் விட்டிருந்தது, அதற்குக் கீழே எச்.எம்.வி எல்.பி ஒன்றின் லேபிளில் நீல மையில் அவர் மாமனாரின் இனிஷியலும் ஒரு எண்ணும். கல்யாணத்துக்கு இரவல் கொடுத்தால் திரும்பி வர வேண்டுமே, அதற்காக ஒவ்வொரு தட்டிலும் எழுதி வைத்திருந்தாராம். "இதெல்லாம் இன்னும் பாடுமா தம்பி, இல்ல தூக்கிப் போட்டுடட்டுமா?" என்றார். பாடும் ஆன்ட்டி, முக்கால்வாசி பாடும். கழுவ வேண்டும், அவ்வளவுதான்.

கழுவும் முறை: பூஞ்சை இருந்தால் வாயில் துணி கட்டிக்கொண்டு வெளியே உட்காருங்கள். காய்ச்சி வடித்த தண்ணீர், அதில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு, மென்மையான பிரஷ். பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் தேய்த்து, வெறும் காய்ச்சி வடித்த தண்ணீரில் அலசி, நிழலில் நிறுத்திக் காய வையுங்கள். லேபிளில் தண்ணீர் படக்கூடாது. வினைலுக்குக் கொஞ்சம் ஐசோபுரோபைல் ஆல்கஹால் சேர்க்கலாம் என்பார்கள், சரி. ஆனால் 78 சுற்று அரக்குத் தட்டில் ஒரு சொட்டு ஆல்கஹால்கூடப் படக்கூடாது, அரக்கு கரைந்துவிடும், பாட்டும் அதோடு போகும். பழைய பி.வி.சி உறைகளைத் தூக்கி எறிந்துவிட்டுப் பாலித்தீன் உள்ளுறை போடுங்கள். அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். தட்டுகளை எப்போதும் நிறுத்தித்தான் வைக்க வேண்டும், படுக்கப் போட்டு அடுக்கினால் வளையும். வெளிச்சுவரை ஒட்டியோ கராஜிலோ வேண்டாம், வீட்டிலேயே காய்ந்த உள்ளறை எதுவோ அங்கே. டிசம்பர் வெயிலில் காரில் விட்டுக் கடைக்குள் போவதும் வேண்டாம்.

பிளேயர். சூட்கேஸ் மாதிரி மடக்குகிற மலிவு பிளேயர்களைத் தவிருங்கள், ஊசி அதிகக் கனத்தோடு தட்டை உழுதுகொண்டே போகும். நல்ல ஊசி அழுத்தம் சுமார் ஒன்றரை முதல் மூன்று கிராம். தாத்தா காலத்து ரேடியோகிராம் அழகுதான், ஆனால் அதன் செராமிக் தலை நாலைந்து கிராமும் அதற்கு மேலும் அழுத்தும், நல்ல தட்டை அதில் போட வேண்டாம். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஆடியோ-டெக்னிகா எல்.பி.60எக்ஸ் மாதிரி ஒன்று போதும், தானாகவே ஓடி நிற்கும், ஃபோனோ பிரீஆம்ப் உள்ளேயே இருக்கிறது. பிரீஆம்ப் ஏன் என்றால், ஊசியில் இருந்து வருவது நாலைந்து மில்லிவோல்ட்தான், அதைப் பெருக்கி, வெட்டும்போது குறைத்த பேஸை (தாழ்ந்த ஒலியை) திரும்பக் கூட்டித் தர வேண்டும். ஆம்ப்பில் "ஃபோனோ" என்று சொருகி இருந்தால் தனியாக வாங்க வேண்டாம். பிளேயரின் பிரீஆம்ப், ஆம்ப்பின் ஃபோனோ சொருகி இரண்டையும் ஒரே நேரத்தில் போட்டால் சத்தம் கர்ணகடூரம். டெக்னிக்ஸ் பிராண்டின் பழைய பிளேயர் கிடைத்தால், விலை ஒத்துவந்தால், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், ஊசியை மட்டும் புதிதாகப் போடுங்கள். வைர ஊசி 500 முதல் 1,000 மணி நேரம் வரும். எத்தனை மணி நேரம் ஓடியது என்று தெரியாத ஊசியை ஓடி முடிந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தட்டு வாங்கும்போது விளக்குக்குச் சாய்த்துப் பாருங்கள். நகத்தால் தடவி, உணர முடிகிற கீறல் என்றால் அது கேட்கும். மையத்தை ஒட்டிய கடைசிப் பாட்டைப் போட்டுக் கேளுங்கள், பள்ளத்தில் இருக்கிற ஒலி அலைகள் அங்கேதான் நெருக்கம், தேய்ந்த தட்டு முதலில் இரைவது அங்கேதான். மோனோ தட்டுக்கு ஆம்ப்பில் மோனோ பொத்தானை அழுத்தினால் பாதி இரைச்சல் காணாமல் போகும். கேப் டவுனில் மாபு வினைல் போன்ற கடைகளில் தமிழ் எதிர்பார்க்க வேண்டாம், மற்றவை நிறைய கிடைக்கும். பழைய ஒலிபரப்பு நூலகத் தட்டு என்று யாராவது விற்றால் எல்லாப் பாட்டையும் கவனமாகப் பாருங்கள். இனவெறி ஆட்சிக் காலத்தில் அரசு ஒலிபரப்பான எஸ்.ஏ.பி.சி.யில் தடை செய்த பாட்டின் பள்ளத்தைக் கூரான கருவியால் கீறி வைத்திருந்தார்கள். கேட்க முடியாது, ஆனால் அப்படி ஒரு தட்டு கிடைத்தால் நான் விட மாட்டேன்.

78 தட்டுகளுக்குத் தனி ஊசி. எல்.பி ஊசி அந்த அகலமான பள்ளத்தின் அடியில் போய் அழுக்கைத்தான் படிக்கும். மூன்று மில் ஊசி (மில் என்பது ஊசி முனையின் அளவு) என்று கேட்டு வாங்குங்கள், பிளேயரிலும் 78 வேகம் இருக்க வேண்டும், புதிய பிளேயர்கள் பலவற்றில் கிடையாது. இந்தியாவில் 1960களிலும் 78 அச்சானது, அதனால் கறுப்பாக, கனமாக இருந்தால் வேகத்தை லேபிளில் பாருங்கள். கீழே போட்டால் உடைந்துவிடும், ஒரு கையால் எடுக்க வேண்டாம்.

படி 7: வீட்டுப் பெட்டியைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது

எதையும் வாங்கும் முன்பே, பெட்டி வைத்திருப்பவர்கள் இதைச் செய்யலாம். பிளேயரில் இருந்து ஒரு சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸ் (ஒலியைக் கம்ப்யூட்டருக்கு ஏற்ற டிஜிட்டலாக்கும் பெட்டி), அங்கிருந்து கம்ப்யூட்டர், அதில் ஆடாசிட்டி என்ற பதிவு மென்பொருள். 24 பிட்டில் பதியுங்கள், மீட்டர் உச்சம் மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்ட வேண்டாம். முதலில் எடுத்த பதிவைக் கை வைக்காமல் ஃப்ளாக்காகச் சேமியுங்கள், இரைச்சல் நீக்குவது எல்லாம் நகலில். இரைச்சலை முழுதாக எடுக்கப் போனால் நாகசுரத்தின் காற்றும் வீணையின் மீட்டும் சேர்ந்தே போய்விடும், கொஞ்சம் சடசடப்பு இருந்தால் இருக்கட்டும். லேபிளை இருபுறமும் போட்டோ எடுத்து அதே ஃபோல்டரில் போடுங்கள்.

கேசட்டுக்கும் இதே வழிதான், ஆனால் அவசரம் அதிகம். டேப் வருடத்துக்கு வருடம் மங்கும், டெக்கின் பெல்ட் பசையாகிவிடும். உள்ளூர்க் குழுக்கள் 80களில் பதிந்த கேசட் உங்கள் வீட்டில் இருந்தால், உலகத்தில் அது ஒன்றுதான் மிச்சம் என்று வைத்துக்கொண்டு, ரெக்கார்டுக்கு முன்னால் அதை முடியுங்கள்.

படி 8: பணத்தை எந்த வரிசையில் செலவழிப்பது

முதலில் ஸ்பீக்கர், அல்லது நல்ல ஒயர் ஹெட்ஃபோன். கையில் இருப்பதில் பாதியை இங்கே போடுங்கள். பழைய ஆம்ப் ஒன்று, பழைய புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஜோடி ஒன்று, இரண்டையும் இங்கேயே மலிவாகப் பிடிக்கலாம். ஸ்பீக்கரின் கூம்பைச் சுற்றி இருக்கிற நுரை வளையத்தை விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள், நம் ஈரக்காற்றில் அது பொடிப் பொடியாக உதிரும், உதிர்ந்தால் அந்தச் செலவையும் சேர்த்து விலை பேசுங்கள். அப்புறம் ஒரு ஸ்ட்ரீமிங் சந்தா. மூன்றாவதாக சிடி டிரைவ், டிஸ்க். ரெக்கார்டு பிளேயர் நாலாவது இடம், பெட்டி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இரண்டாவது இடம். தங்க முலாம் பூசிய ஒயருக்கு இடமே கிடையாது, யார் என்ன சொன்னாலும்.

கடையில் கேட்டுப் பார்க்கும்போது அவர்கள் போடுகிற பாட்டைக் கேட்காதீர்கள். போனில் உங்கள் பட்டியலில் இருந்து மூன்று பாட்டு இறக்கிக்கொண்டு போங்கள்: பழைய மோனோ ஒன்று, தவில் வருகிறது ஒன்று, பெண் குரல் தனியாக வருகிறது ஒன்று. தவிலின் வலந்தலை பட்டென்று தெறித்து உடனே நிற்கிறதா, இல்லை தொம்மென்று இழுக்கிறதா என்று பாருங்கள். இழுத்தால் அடுத்த ஜோடியைப் போடச் சொல்லுங்கள்.